கட்டவிழ்ப்பும் வாசகரின் இடமும்

கட்டவிழ்ப்பு என்பது பிரெஞ்சு மெய்யியலாளர் ழாக் தெரிதா (1930–2004) முன்வைத்த வாசிப்பு முறை. ஒரு பனுவல் தான் சொல்ல வந்ததாக அறிவிக்கும் கருத்து ஒன்று. அதன் சொற்கள் உண்மையில் செய்யும் வேலை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பிளவைப் பனுவலின் உள்ளிருந்தே எடுத்துக்காட்டுவது கட்டவிழ்ப்பின் பணி. தமிழில் இதனைக் கட்டுடைத்தல், தகர்ப்பமைப்பு, நிர்நிர்மாணம் என்றும் வழங்குவர். உடைத்தல், தகர்த்தல் ஆகிய சொற்கள் கடப்பாரையை நினைவூட்டுவதால் இக்கட்டுரையில் கட்டவிழ்ப்பு என்ற சொல்லே ஆளப்படுகிறது. முடிச்சை அவிழ்ப்பவர் கயிற்றை அறுப்பதில்லை. அது எப்படிப் போடப்பட்டது என்று பார்த்துத்தான் அவிழ்க்கிறார்.

'கட்டவிழ்ப்பு வந்தபின் ஆசிரியர் இறந்துவிட்டார். இனி வாசகரே அரசர். அவர் சொல்வதெல்லாம் பொருள்' என்று மேடைகளிலும் வினாவிடை நூல்களிலும் சொல்லப்படுவதுண்டு. இக்கூற்றின் பகுதிகள் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. ஆசிரியரின் இறப்பு என்பது ரோலான் பார்த்தின் கட்டுரைத் தலைப்பு. வாசகருக்கு முதன்மை தந்தவர்கள் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக அறிஞர்களும் அமெரிக்காவின் ஸ்டான்லி ஃபிஷ்ஷும். தெரிதா ஆசிரியரின் இடத்தில் வாசகரைக் கொண்டுவந்து உட்கார வைக்கவில்லை. ஆசிரியரின் கட்டுப்பாட்டை மீறி ஓடும் மொழி, வாசகரின் கட்டுப்பாட்டுக்குள் மட்டும் எப்படி அடங்கி நிற்கும்?

சொல் எதனால் பொருள் தருகிறது

சுவிட்சர்லாந்து மொழியியலாளர் ஃபெர்டினாண்ட் டி சசூர், சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவு எதுவும் இல்லை என்றார். மற்றச் சொற்களிலிருந்து வேறுபடுவதாலேயே ஒரு சொல் பொருள் தருகிறது. 'கல்' என்பது பல், வில், சொல் ஆகியவை அல்லாததால்தான் 'கல்' ஆக நிற்கிறது. சசூர் 1913-இல் மறைந்தார். 1916-இல் அவர் பெயரில் வந்த புகழ்பெற்ற நூல், மாணவர்களின் வகுப்புக் குறிப்புகளைக் கொண்டு பிறர் தொகுத்தது. பேச்சே மொழியின் உயிர், எழுத்து அதன் நிழல் என்று கருதிய ஓர் அறிஞர், பெரும்பாலும் பிறர் எழுத்தாலேயே நமக்குக் கிடைக்கிறார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தெரிதா இந்தக் கொள்கையை அதன் கடைசிப் படி வரை கொண்டு சென்றார். ஒரு சொல்லின் பொருள் பிற சொற்களுடனான வேறுபாட்டில் இருக்குமானால், அச்சொற்களின் பொருளும் அப்படியே. அகராதியில் ஒரு சொல்லைத் தேடினால் வேறு சொற்களே கிடைக்கின்றன. ஆகவே பொருள் ஓரிடத்தில் முழுமையாக வந்து தங்குவதில்லை. வேறுபட்டுக்கொண்டும் தள்ளிப்போய்க்கொண்டும் இருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துக் குறிக்க வேறுபாடு என்னும் பிரெஞ்சுச் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி அவர் புதுச்சொல் ஆக்கினார். அந்த மாற்றம் காதுக்குக் கேட்காது. எழுத்தில் பார்த்தால்தான் தெரியும். எழுத்தைப் பேச்சின் வேலைக்காரனாக வைத்திருந்த மேலை மெய்யியலுக்கு அவர் வைத்த சிறு குத்தல் இது.

1966 அக்டோபரில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அமைப்பியலை அமெரிக்கருக்கு அறிமுகம் செய்வதே அதன் நோக்கம். 36 வயதான தெரிதா அங்கே படித்த கட்டுரை அமைப்பியலின் அடித்தளத்தையே கேள்விக்கு உள்ளாக்கியது. மறு ஆண்டு, 1967-இல், அவருடைய மூன்று நூல்கள் வெளிவந்தன. அவற்றுள் எழுத்தியலைப் பற்றிய நூலை வங்கத்தில் பிறந்த காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பிவாக் 1976-இல் ஆங்கிலமாக்கினார். அதன்பின்தான் கட்டவிழ்ப்பு உலக வகுப்பறைகளில் பரவியது. தமிழில் தமிழவனின் 'ஸ்டக்சுரலிசம்' (1982) அமைப்பியலுக்கு விரிவான அறிமுகமாக அமைந்தது. அதைத் தொடர்ந்து சிற்றிதழ்களில் பின்னை அமைப்பியல் பற்றிய சொற்போர்கள் எழுந்தன.

மருந்து என்னும் சொல்

கொள்கையாகக் கேட்டால் கட்டவிழ்ப்பு மூடுபனி போலத் தோன்றும். தெரிதா 1968-இல் எழுதி, 1972-இல் நூலில் சேர்த்த பிளேட்டோ பற்றிய நீண்ட கட்டுரையைத் தொடர்ந்து சென்றால் அதன் வேலை தெளிவாகும்.

பிளேட்டோவின் 'ஃபைட்ரஸ்' உரையாடலில் சாக்ரட்டீஸ் ஓர் எகிப்தியக் கதை சொல்கிறார். தெயூத் என்னும் கடவுள் எழுத்தைக் கண்டுபிடித்துத் தாமுஸ் என்னும் அரசரிடம் கொண்டுவந்து, நினைவாற்றலுக்கும் அறிவுக்கும் இது நல்ல ஃபார்மகான் என்கிறார். அரசர் ஏற்கவில்லை. எழுத்தை நம்பி மக்கள் நினைவைப் பழக்காமல் விடுவார்கள். மறதிதான் வளரும் என்று மறுக்கிறார்.

ஃபார்மகான் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு நோய் தீர்க்கும் மருந்து என்றும் பொருள். நஞ்சு என்றும் பொருள். மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இடத்தில் 'மருந்து' என்ற பொருளைத் தரும் சொல்லை இட்டனர். தெயூத் புகழ்ந்து பேசுவதால் அது பொருத்தம்தான். ஆனால் அப்படி மொழிபெயர்த்தவுடன், கிரேக்க மூலத்தில் அந்த ஒரே சொல்லுக்குள் அரசரின் மறுப்பும் ஏற்கெனவே பதுங்கியிருந்தது மறைந்துவிடுகிறது.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. 'மருந்து குடித்தான்' என்று மருத்துவமனையில் சொன்னால் ஒரு பொருள். ஊர்ப்புறத்தில் தாழ்ந்த குரலில் சொன்னால் வேறு பொருள். எலி மருந்து, பூச்சி மருந்து, வெடிமருந்து எல்லாம் மருந்துதான். 'மருந்து வைத்துவிட்டார்கள்' என்றால் வசியம். பிளேட்டோவை ஆங்கிலத்தில் படிப்பவருக்குத் தெரியாமல் போகும் இரட்டைத்தன்மை, தமிழில் அவரைப் படிப்பவருக்கு ஒரே சொல்லில் கிடைத்துவிடும்.

தெரிதா இத்துடன் நிற்கவில்லை. பேச்சை உயர்த்தி எழுத்தைத் தாழ்த்தும் பிளேட்டோ, உண்மையான பேச்சு எது என்று சொல்ல வரும்போது, அது கற்பவரின் உள்ளத்தில் எழுதப்படுவது என்கிறார். எழுத்தை விரட்டுவதற்கே எழுத்தை உவமையாக அழைக்க வேண்டியிருக்கிறது. சாக்ரட்டீஸ் எதுவும் எழுதியவர் அல்லர். எழுத்தைப் பழிக்கும் அவர் பேச்சு பிளேட்டோ எழுதியதால்தான் நம்மிடம் உள்ளது. சாக்ரட்டீஸ் சிறையில் குடித்த நஞ்சைக் குறிக்கவும் 'ஃபைடோ' உரையாடலில் அதே ஃபார்மகான் என்ற சொல்தான் வருகிறது.

இவை அனைத்தும் பனுவலில் உள்ளவை. வாசகர் கற்பனையில் சேர்த்தவை அல்ல. கட்டவிழ்ப்பை 'வாசகர் விருப்பம்' என்று சொல்வோர் இந்தக் கட்டுரையைப் பொறுமையாகப் படித்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. ஆயினும் ஓர் இடத்தில் தெரிதாவைத் தடுத்து நிறுத்தலாம். நகரத்தின் தீங்கைச் சுமந்து வெளியேற்றப்படும் பலியாளைக் கிரேக்கத்தில் ஃபார்மகோஸ் என்பர். இச்சொல்லைப் பிளேட்டோ இங்கு ஆளவில்லை. ஆளாவிட்டாலும் மொழியின் சங்கிலியில் அது இழுபட்டு வருகிறது என்று தெரிதா வாதிடுகிறார். இல்லாத சொல்லையும் சாட்சிக்கு அழைக்கலாம் என்றால் எல்லை எங்கே? கட்டுரையின் மற்றப் பகுதிகளுக்கு உள்ள வலு இதற்கு இல்லை.

எல்லையைப் பற்றித் தெரிதாவே எழுதியிருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பனுவலின் நேர்பொருளை மரபான முறையில் விளக்கும் உரை, வாசிப்புக்குப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் போன்றது. அது இல்லாவிட்டால் எதையும் சொல்லிவிடலாம் என்ற நிலை வரும். அதே சமயம் அந்தச் சுவர் காக்குமே தவிர வழி திறக்காது என்பது அவர் கருத்து. திருக்குறளுக்குப் பதின்மர் உரை எழுதியதைக் காட்டி, நம் உரையாசிரியர்களே முதல் கட்டவிழ்ப்பாளர்கள் என்று சிலர் பெருமை பேசுவர். பரிமேலழகர் பிறர் உரையை மறுத்து இதுவே பொருள் என்று நிறுவ முயன்றவர். அவர் கட்டியது கைப்பிடிச் சுவர். அது சிறுமை அல்ல; ஆனால் அது வேறு வேலை.

ஆசிரியர் இறந்த பின்

ஆசிரியரின் நோக்கத்தைப் பொருளுக்கு அளவுகோலாகக் கொள்ளக்கூடாது என்று விம்சாட், பியர்ட்ஸ்லி ஆகிய அமெரிக்கர்கள் 1946-லேயே எழுதினர். 1949-இல் வாசகரின் உணர்ச்சியையும் கொள்ளக்கூடாது என்று சேர்த்தனர். எஞ்சியது பனுவல் மட்டும். அதற்கும் முன்பே, 1938-இல், பள்ளிகளில் இலக்கியம் கற்பிப்பது பற்றி எழுதிய லூயிஸ் ரோசன்பிளாட், வாசகரும் பனுவலும் கூடும்போதுதான் கவிதை நிகழ்கிறது என்று சொல்லியிருந்தார். கோட்பாட்டு வரலாறுகள் அவரை அடிக்கடி மறந்துவிடுகின்றன. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கோட்பாட்டுக்கு அந்தக் காலத்தில் மதிப்பு குறைவு போலும்.

ரோலான் பார்த்தின் புகழ்பெற்ற கட்டுரை 1967-இல் ஆங்கிலத்திலும் 1968-இல் பிரெஞ்சிலும் வெளிவந்தது. ஆசிரியர் மறைந்தால் வாசகர் பிறப்பார் என்றதை எல்லோரும் பிடித்துக்கொண்டனர். பார்த் சொல்லும் வாசகர் வரலாறும் வாழ்க்கையும் உளப்பாங்கும் உள்ள ஆள் அல்லர். எழுத்தின் இழைகள் எல்லாம் வந்து சேரும் ஓர் இடம் மட்டுமே. பால்சாக்கின் 'சராசீன்' என்னும் கதையை 561 துண்டுகளாக்கி, ஐந்து குறியீட்டு முறைகளின்படி வரிவரியாகப் படித்துக் காட்டிய அவருடைய 1970-ஆம் ஆண்டு நூலைப் பார்த்தால், 'எப்படியும் படிக்கலாம்' என்பதற்கும் அவர் முறைக்கும் உள்ள தூரம் விளங்கும்.

இரத்தமும் சதையுமான வாசகரைப் பற்றிப் பேசியவர்கள் கான்ஸ்டன்ஸ் அறிஞர்கள். வொல்ஃப்காங் ஈசர், பனுவல் வேண்டுமென்றே விட்டுச்செல்லும் வெற்றிடங்களை வாசகர் நிரப்புகிறார் என்றார். ஹான்ஸ் ராபர்ட் யௌஸ், ஒவ்வொரு காலத்து வாசகருக்கும் ஓர் எதிர்பார்ப்பு எல்லை உண்டு என்றார். 1857-இல் ஃபிளோபேரின் 'மதாம் பொவாரி' மீது நடந்த வழக்கு அவருக்குச் சான்று. கதைமாந்தரின் நினைவோட்டத்தைக் கதைசொல்லியின் நடையிலேயே கலந்து எழுதும் முறை அன்றைய வாசகர்களுக்குப் புதிது. எம்மா தன் கள்ள உறவை எண்ணி மகிழும் வரிகளை, ஃபிளோபேரே அதைப் புகழ்வதாக அரசு வழக்கறிஞர் எடுத்துக்கொண்டார். பழைய எதிர்பார்ப்புடன் புதிய எழுத்தைப் படித்ததன் விளைவு அது. ஃபிளோபேர் விடுவிக்கப்பட்டார்.

நம்மிடையே இதற்கு இணையான நிகழ்வு மிக அண்மையில் நடந்தது. பெருமாள் முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்தது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அமைதியாக வாசிக்கப்பட்ட அந்தப் புதினத்துக்கு 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு எழுந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், எழுத்தாளனாகிய தான் இறந்துவிட்டதாக அவர் முகநூலில் அறிவித்தார். பார்த் சொன்ன இறப்பு உருவகம். இது ஓர் எழுத்தாளர் தானே எழுதித் தர நேர்ந்த இறப்பு. குழந்தையில்லாத ஓர் இணையரின் துயரைச் சொல்லும் புனைவை, ஊரையும் சாதியையும் பற்றிய சான்றாவணமாகப் படித்தனர் எதிர்த்தவர்கள். புதினம் என்ற வகைக்கு உரிய எதிர்பார்ப்பு அங்கே செயல்படவில்லை. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்நூலுக்கு எதிரான கோரிக்கைகளை ஏற்க மறுத்தது.

'வாசகரே பொருளின் உரிமையாளர்' என்ற கொள்கையை இந்த நிகழ்வின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எதிர்த்தவர்களும் வாசகர்கள்தாம், அல்லது அவர்கள் பெயரால் பேசியவர்கள். அவர்கள் வாசிப்பு தவறு என்று சொல்லக் கோட்பாட்டில் ஒரு பிடி வேண்டும். ஈசரிடம் அந்தப் பிடி இருக்கிறது: வெற்றிடத்தை நிரப்பலாம், எழுதப்பட்டதை அழிக்க முடியாது. தெரிதாவிடமும் இருக்கிறது. யாரிடம் இல்லை என்றால், ஸ்டான்லி ஃபிஷ்ஷிடம்.

கரும்பலகைக் கவிதை

1971 கோடையில் ஃபிஷ், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் அடுத்தடுத்து இரண்டு வகுப்புகள் எடுத்தார். முதல் வகுப்புக்கு வீட்டுப்பாடமாகச் சில மொழியியலாளர்களின் பெயர்களைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்: ஜேக்கப்ஸ்–ரோசன்பாம், லெவின், தார்ன், ஹேஸ், ஓமன். கடைசிப் பெயரின் எழுத்துக்கூட்டலில் ஐயம் இருந்ததால் அதன் பக்கத்தில் கேள்விக்குறி இட்டார். அடுத்த வகுப்பு, 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமயக் கவிதை படித்துக்கொண்டிருந்த மாணவர்களுடையது. ஃபிஷ் அந்தப் பட்டியலைச் சுற்றிக் கட்டம் போட்டு, மேலே ஒரு பக்க எண்ணும் எழுதி, இது நீங்கள் படிக்கும் வகைக் கவிதை, விளக்குங்கள் என்றார். மாணவர்கள் சளைக்கவில்லை. ஜேக்கப்ஸ் என்பது விண்ணுக்கு ஏறும் யாக்கோபின் ஏணி, ரோசன்பாம் ரோசா மரம், ஆகவே முள்ளில்லா ரோசாவாகிய மரியாள், தார்ன் முள்முடி, லெவின் லேவி குலம். பட்டியலின் வடிவம் சிலுவையா, பலிபீடமா என்றும் ஆராய்ந்தனர்.

கவிதைத் தன்மை பனுவலில் இல்லை, பார்க்கும் பயிற்சியில் இருக்கிறது. அந்தப் பயிற்சியைத் தருவது வாசகர் சேர்ந்திருக்கும் பொருள்கோள் சமூகம் என்பது 1980-இல் வெளிவந்த நூலில் ஃபிஷ் அடைந்த முடிவு. 'இலக்கிய நயம் பாராட்டுக' என்ற வினாவுக்கு விடைத்தாள் திருத்தியவர்கள் இதை உடனே நம்புவார்கள். எந்தச் செய்யுளைக் கொடுத்தாலும் மையக்கருத்து, எதுகை, மோனை, அணி, சந்தம் என்று தலைப்பிட்டு மாணவர் எழுதிக்கொண்டு போவார். எதுகையே இல்லாத இடத்திலும் எதுகை 'சிறப்பாக அமைந்துள்ளது' என்று எழுதியவருக்கு நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

குறைக்க முடிந்தது என்பதுதான் இங்கே முக்கியம். எதுகை அங்கே இல்லை. மாணவரும் நானும் ஒரே பொருள்கோள் சமூகத்தினர். எனினும் எங்கள் இருவருக்கும் வெளியே, தாளில் அச்சாகியிருந்த எழுத்துகள் எங்களில் ஒருவரை மறுத்தன. ஃபிஷ்ஷின் கொள்கை இந்த மறுப்பை விளக்காது. தவிரவும், அவர் சோதனையில் கட்டம் போட்டவர் ஆசிரியர். கவிதை என்று சொன்னவர் ஆசிரியர். பக்க எண் இட்டு ஏமாற்றியவரும் அவரே. மாணவர்கள் பட்டியலைக் கவிதையாக்கியதைவிட, ஆசிரியர் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள் என்பதே அச்சோதனை காட்டும் செய்தி. ஒரு சமூகம் தன் வாசிப்பை எப்படி மாற்றிக்கொள்கிறது, ஒரு நூல் அதனை எப்படித் திடுக்கிட வைக்கிறது என்ற கேள்விகளுக்கும் அங்கே நிறைவான விடை இல்லை.

1941-ஆம் ஆண்டுச் செய்தித்தாள்

பால்டிமோர் கருத்தரங்கில் தெரிதா சந்தித்தவர்களில் ஒருவர் பால் டி மான். பெல்ஜியத்தில் 1919-இல் பிறந்து, போருக்குப் பின் அமெரிக்காவில் குடியேறி, யேல் பல்கலைக்கழகத்தில் கட்டவிழ்ப்பின் தலைமை விமரிசகராக விளங்கியவர். இலக்கிய மொழியில் இலக்கணம் சொல்வதும் அணி சொல்வதும் ஒன்றையொன்று மறுக்கும். எது சரி என்று முடிவு செய்ய இயலாத நிலைக்கு வாசகர் வந்து சேர்வார் என்பது அவர் கருத்து. 1983-இல் பெரும் மதிப்புடன் மறைந்தார்.

1987-இல் ஒரு பெல்ஜிய ஆய்வாளர் பழைய நாளிதழ்களில் டி மானின் இளமைக்கால எழுத்துகளைக் கண்டெடுத்தார். ஜெர்மானியப் படையினரின் பிடியில் இயங்கிய 'லெ சுவார்' நாளிதழில் அவர் எழுதியவை ஏறத்தாழ 170. அவற்றுள் 1941 மார்ச் 4 அன்று வந்த கட்டுரை இன்றைய இலக்கியத்தில் யூதர்கள் பற்றியது. ஐரோப்பிய இலக்கியத்தை யூதர்கள் கெடுத்துவிடவில்லை, அவர்களுக்கு அந்த அளவு முக்கியத்துவம் கிடையாது என்று சொல்லும் அக்கட்டுரை, யூதர்களை ஐரோப்பாவுக்கு வெளியே தனிக் குடியேற்றத்தில் வைத்தாலும் இலக்கியத்துக்குப் பெரிய இழப்பு இல்லை என்று முடிகிறது. அப்போது அவருக்கு வயது 21.

தெரிதா ஒரு யூதர். 1942-இல் அல்ஜீரியாவில் யூதச் சிறுவன் என்பதால் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அவர் 1988-இல் நண்பருக்காக நீண்ட கட்டுரை எழுதினார். கட்டுரையின் உள்ளடக்கம் மன்னிக்க முடியாதது என்று அவர் ஒப்புக்கொள்ளத்தான் செய்தார். ஆனால் அடுத்து, கொச்சையான யூத வெறுப்பை டி மான் கண்டிக்கும் தொடரை எடுத்து, எல்லா யூத வெறுப்பும் கொச்சையே என்று மறைமுகமாகச் சொல்வதாகவும் அதைப் படிக்கலாம் என்று வாதிட்டார். எதிர்ப்பு பெரிதாக எழுந்தது. கட்டவிழ்ப்பு என்பதே குற்றத்தை மழுப்பும் கலை என்று பலர் எழுதினர்.

அந்தக் குற்றச்சாட்டு மிகை. தெரிதாவின் வாதம் பலவீனமானது. இரண்டையும் சேர்த்தே சொல்லலாம். சூழலிலிருந்து துண்டித்து எதையும் படிக்க முடியாது என்பது கட்டவிழ்ப்பின் அடிப்படை. அப்படியானால் அந்தத் தொடரை அது அச்சான பக்கத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அதே பக்கத்தில் யூத ஓவியர்களையும், யூதக் கொள்கை என்று முத்திரையிட்டு ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வையும் தாக்கும் கட்டுரைகள் இருந்தன. அவற்றினிடையே வைத்துப் படித்த பிரசல்ஸ் வாசகருக்கு டி மானின் கட்டுரை அந்தப் பக்கத்தின் படித்த குரலாகவே கேட்டிருக்கும். எழுதியவர் உள்ளுக்குள் வேறு நினைத்தார் என்பது இங்கே உதவாது; ஆசிரியரின் நோக்கம் பொருளைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னவர்கள் அவர்களே. தெரிதா தம் முறையைக் கைவிட்டதால்தான் இங்கே தவறினார். பிளேட்டோவிடம் காட்டிய கண்டிப்பை நண்பரிடம் காட்டவில்லை.

அந்தக் கட்டுரை வந்த மறு ஆண்டு, 1942 மே இறுதியில், பெல்ஜிய யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய ஆணையிடப்பட்டது. ஆகஸ்டு 4 அன்று மெக்கெலன் நகரிலிருந்து ஆஷ்விட்சுக்கு முதல் ரயில் புறப்பட்டது. டி மானின் போர்க்கால எழுத்துகள் 1988-இல் நாளிதழில் வந்த வடிவிலேயே படியெடுத்து நூலாக வெளியிடப்பட்டுள்ளன.